எமன் எது என்று கேட்டவருக்கு

மாமா,

ஜாடி என் மேசைமேல் இருக்கிறது. மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமான பீங்கான் ஜாடி, வாயோரத்தில் நகக்கண் அளவுக்கு ஓர் உடைப்பு. போடியில் உங்கள் கருமாதி முடிந்து எல்லோரும் கைகழுவிக்கொண்டிருந்தபோது உங்கள் மகன் ராசு மச்சான் அதைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"ஒன் ஜாடிதானே புள்ள இது? அம்மா இத்தன வருசமா இதுலதான் நார்த்தங்கா போட்டுக்கிட்டு இருந்துச்சு. ஒன்னோடத ஒங்கிட்டச் சேத்துரணும்ல. கொண்டு போ."

நல்ல மனுஷர். உங்களுக்கு எப்படிப் பிறந்தாரோ!

பஸ்ஸிலும் ரயிலிலுமாக மடியில் வைத்துக்கொண்டே நான் வேலை பார்க்கும் கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தேன். இன்றைக்குத்தான் மூடியைத் திறந்தேன். உப்பில் ஊறிக் கறுத்த நார்த்தங்காயின் வாடை முதலில் ஏறியது. அதற்கு அடியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது. இத்தனை வருஷம் ஊறுகாய் கிடந்த ஜாடியில் அந்த வாயு தங்காது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். ஆனாலும் வந்தது. மூக்குக்கு யார் பாடம் நடத்துவது?

கருமாதி வீட்டில் நான் அழவில்லை. "மாமன் மாமன்னு உசுர விட்டவ, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு" என்று பந்தியில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னார்கள். நான் இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன் மாமா. நன்றாகத்தான் வைத்திருந்தார்கள்.

திட்டுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இருந்தாலும் 'நீங்கள்' என்றுதான் எழுதுவேன். செத்தவரை ஒருமையில் பேசினால் கோபம் தணிந்துவிடும் என்று ஒரு பயம் எனக்கு. மரியாதையோடு வைத்திருந்தால் கெடாமல் இருக்கும்.

உங்களை வெறுப்பது சுலபமான காரியமாக இருந்ததே இல்லை. அப்பா போனபோது நான் பாவாடையை முடிந்துகொள்ளத் தெரியாத வயசு. அம்மாவையும் என்னையும் ராசிங்காபுரத்திலிருந்து வண்டியேற்றிக் கொண்டுவந்து, போடியில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே குடிவைத்தீர்கள். எனக்குக் காது குத்தியது உங்கள் மடியில் வைத்து. நான் வீறிட்டதும் ஆசாரியின் கையைத் தட்டிவிட்டீர்களாம். அதனால்தான் வலது காதுத் துளை கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்பாள் அம்மா. பிறகு என்னை மதுரைக்கு அனுப்பிக் கல்லூரியில் சேர்த்தீர்கள். பொட்டப்பிள்ளைக்கு எதற்கு இத்தனை படிப்பு என்று ஏலக்கடையில் ஒருவர் கேட்டபோது, "எம் மருமக படிக்கா. ஒங்களுக்கு எங்கய்யா வலிக்குது?" என்று கேட்டு வாயை அடைத்தீர்கள். அப்படிப்பட்டவர்தான் பின்னால் என் வாயிலும் மண்ணைப் போட்டது. யாரோ எவரோ செய்திருந்தால் இரண்டு நாள் கரித்துக்கொட்டிவிட்டு மறந்திருப்பேன்.

கடற்கரை ஆய்வுக்கூடத்தில் எனக்கு வாய்த்த ஆராய்ச்சியைக் கேட்டுத் தெருவே சிரித்தது. கடலுக்குப் போனவள் மீனைப் பார்க்காமல் சேற்றைப் பார்க்கிறாளாம். நீங்கள் சிரிக்கவில்லை. இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் செய்ததுதானே வழக்கே. இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன், நீங்கள் எதைக் கொன்றீர்கள் என்பது ஒரு தடவையாவது முழுதாக எழுதப்பட வேண்டும்.

கழிமுகத்துச் சேற்றை வெட்டி எடுத்தால் மேலே ஒரு மெல்லிய பழுப்பு ஏடு இருக்கும். காற்று அவ்வளவுதான் இறங்கும். அதற்குக் கீழே மை போலக் கறுப்பு. செத்த பாசியும் இலையும் காற்றில்லாமல் மக்கி, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உண்டாகிற இடம் அது. அந்த வாயு உயிர்களின் மூச்சை உள்ளேயே நெரித்துவிடும். கறுப்பில் எதுவும் வாழாது, அது வெறும் குப்பைக்குழி என்றுதான் ரொம்பக் காலம் நினைத்திருந்தார்கள். அப்புறம்தான் அங்கங்கே சிலர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். தலைமுடி கனத்தில் புழுக்கள்! விஷத்துக்குள் நெளிந்துகொண்டு, குடித்தனம் நடத்திக்கொண்டு. எப்படி அவை தாக்குப்பிடிக்கின்றன என்பதில் ஆளுக்கொரு பேச்சு. மேலே ஏறிக் காற்றை வாங்கிக்கொண்டு கீழே இறங்குகின்றன என்றார்கள் சிலர். விஷத்தைத் தீங்கில்லாத வேறொன்றாக உடம்புக்குள்ளேயே மாற்றிவிடுகின்றன என்றார்கள் வேறு சிலர்.

நான் ஆராய எடுத்துக்கொண்ட கழிமுகத்தில் ஒரு புழு இருந்தது. அதன் உடம்புக்குள் வெள்ளை வெள்ளையாக மணிகள். விஷத்தை அது கந்தகமாக்கி முடிந்து வைத்துக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றியது. காற்றே இல்லாமல் அடைத்து வைத்தால் மணிகள் கூடுமா குறையுமா, புழு எவ்வளவு காலம் பிழைக்கும் என்று பார்க்கத்தான் இந்த ஜாடிகளைப் பிடித்தேன். வெளிச்சம் புகக்கூடாது, அதனால் சந்தையில் வாங்கிய ஊறுகாய் ஜாடி. மூடிக்கு மெழுகு ஊற்றி, வாயு வெளியேற ஒரு குழாய் வைத்து, குழாயின் மறுமுனையைத் தண்ணீர் சீசாவுக்குள் விட்டிருந்தேன். உள்ளிருந்து குமிழி வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. கறுப்பும் பழுப்பும் தனித்தனியாகப் படிவதற்கே பல வாரம் ஆனது. அதற்குள் அந்தக் கழிமுகத்தை உப்பளத்துக்காக வரப்புப் போட்டு அடைத்துவிட்டார்கள். அந்தப் புழு என் ஜாடிகளில்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் தந்தி வந்தது. அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வா என்று. எமர்ஜென்சி முடிந்து ஊரெல்லாம் அரசியலாக இருந்த சமயம். எனக்கு அம்மாவும் ஜாடியும்தான் கண்முன்னால் நின்றன. குழாயைப் பார்த்துக்கொள்ளக்கூட அங்கே ஆளில்லை. மூன்று ஜாடிகளையும் கூடைகளில் வைக்கோல் திணித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மதுரையிலிருந்து போடி பாசஞ்சரில் எனக்கு இடம் பஞ்சமே இல்லை. பெட்டியில் ஒருவர் மிச்சமில்லாமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். ஒரு அம்மா மட்டும் இறங்கும்போது, "கருவாடுன்னாலும் ஒரு அளவு வேணும் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்! எனக்கும் ராசு மச்சானுக்கும் பேசி முடிக்க ராசிங்காபுரத்துப் பங்காளிகள் வரப்போகிறார்களாம். "மாமன்தான் தந்தி குடுக்கச் சொல்லுச்சு. கூப்பிட்டா வரமாட்டன்னு" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். அப்போதுகூட எனக்கு உங்கள்மேல் ஆத்திரம் வரவில்லை. சின்னத் தந்திரம், மாமா பண்ணிவிட்டார், பேசிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவ்வளவு நம்பிக்கை!

ஜாடிகள் வீட்டில் தங்க முடியவில்லை. தெருவில் சாக்கடை உடைந்துவிட்டது என்று பேச்சாகிவிட்டது. நீங்கள் வந்து முகர்ந்து பார்த்து, முகம் சுளிக்காமல் சொன்னீர்கள்: "மேல நம்ம ஏலத்தோட்டத்து ஸ்டோர்ல கொண்டுபோய் வைப்போம் ஆத்தா. போடிமெட்டுக் குளுருக்குப் பத்திரமா இருக்கும். ஒம் புழுவுக்குக் குளுரு ஆகும்ல?"

ஆகும், குளிர்ச்சிதான் நல்லது என்றேன். நாமே கொண்டுபோவோம் என்று ஜீப்பை எடுக்கச் சொன்னீர்கள். பின்னால் தோட்டத்து ஆட்கள் லோடாக நின்றார்கள், எல்லோரும் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைக் கட்டிக்கொண்டு. முன்சீட்டில் நீங்கள், உங்கள் மடியில் இந்த ஜாடி. மற்ற இரண்டும் என் காலடியில். குலுங்கினால் அடுக்கு கலைந்துவிடும் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அத்தனை வளைவிலும் ஜாடியைக் கைக்குழந்தை போல அணைத்துப் பிடித்துக்கொண்டு, டிரைவரை அதட்டிக்கொண்டே வந்தீர்கள். "மெள்ளடா! உசுரு இருக்குடா இதுல!" என்றீர்கள். உங்கள் வாயால்தான் சொன்னீர்கள் மாமா. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பாதி மலையில் ஆரம்பித்தீர்கள்.

"இம்புட்டு நாத்தத்துல எப்பிடி ஆத்தா ஒண்ணு உசுரோட கெடக்கும்?"

"நாத்தம்தான் மாமா விசம். நம்மள அதோட ஒரு அறைக்குள்ள போட்டா வெரசா முடிஞ்சிரும். இது அந்த விசத்தக் கந்தகமா மாத்தி ஒடம்புக்குள்ள சேத்துக்கிருதுன்னு நெனைக்கிறேன். இன்னும் ருசு பண்ணல."

நீங்கள் மூடியில் மூக்கை வைத்து மறுபடி முகர்ந்து பார்த்தீர்கள். பிறகு, "ஏலக்காயி வெளுப்பா வேணும்னு கேக்குற யாவாரிக்கு நாங்க கந்தகப் பொகை போடுவோம்ல. அந்த ரூமுக்குள்ள ஒரு எறும்பு நிக்காது. இது அதையே முந்தியில முடிஞ்சு வச்சுக்கிட்டுத் திரியுதா! கெட்டிக்காரக் கழுதை" என்று சிரித்தீர்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில்கூட என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எங்கே போகிறது, என்ன தின்கிறது, குஞ்சு எப்படிப் பொரிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். மேலே மெட்டு தெரிகிற வளைவில் ஜாடியின் மூடியைத் தடவிக்கொண்டே கேட்டீர்கள்:

"எல்லாத்துக்கும் ஒரு எமன் இருக்கணும்ல. இதுக்கு எமன் எது?"

நல்ல கேள்வி என்று உங்களைப் புகழ்ந்தேன், தெரியுமா? புகழ்ந்துவிட்டுப் பதிலும் சொன்னேன்.

"காத்தும் சூடும் மாமா. அள்ளி வெளிய போட்டு ஈரத்த எடுத்துட்டா அம்புட்டுத்தான்."

ஏலக்காய் ஸ்டோர் உங்களுக்குக் கோயில் மாதிரி. பறித்த பச்சைக்காய் அன்றைக்கே அங்கே போக வேண்டும். கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, கீழே விறகெரித்துக் குழாய்ச் சூட்டில் காய வைக்க வேண்டும். ஈரமாக ஒரு இரவு குவித்து வைத்தால் பூசணம் பிடித்துவிடும். அந்த மலையில் பிறந்த எவனும் ஈரமான பொருளைச் சும்மா கிடக்கவிட மாட்டான். கால்மிதி நனைந்தாலும் ஸ்டோரில் கொண்டுபோய்ப் போடுவான். இது ஊருக்கே தெரியும். இதைத்தான் நீங்கள் உபயோகித்துக்கொண்டீர்கள்.

ஜாடிகளை ஸ்டோரின் மூலையில், அடுப்புக்கு எட்டத்தில், ஈரச்சாக்கு போர்த்தி வைத்துவிட்டுக் கீழே வந்தேன். பங்காளிகள் வந்தார்கள். எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், படிப்பு முடியட்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ராசு மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "அதோட இஷ்டந்தான்" என்றார். நீங்கள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "மேல சோலி கெடக்கு" என்று எழுந்து போனீர்கள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு உறைத்திருக்கும்.

இரண்டொரு நாள் கழித்து நான் தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போனேன். ஸ்டோருக்கு வெளியிலேயே தெரிந்துவிட்டது. ஏலக்காய் வாசனைதான் வந்தது. வேறு எந்த வாசனையும் இல்லை.

கதவைத் திறந்தால் தட்டில் என் சேறு. ஒரு தட்டு முழுக்கப் பரப்பி, காயைக் கிளறுவதுபோலக் கிளறி, மொரமொரவென்று காய்ந்து, சாம்பல் நிறத்தில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. விரலால் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. மூன்று ஜாடிகளும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மெழுகை உடைக்கவில்லை. கத்தியைச் சுடவைத்து மூடியைச் சுற்றி வட்டமாக அறுத்திருந்தது. அறுத்த வளையம்கூட ஜன்னல் ஓரத்தில் பத்திரமாக இருந்தது.

அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலுச்சாமி அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"மொதலாளிதான் பறஞ்சாரு தாயி. அவரே மெழுக அறுத்தாரு. நல்லாப் பொடியாகுற வரைக்கும் கெடக்கட்டும்னு இங்கனயே நின்னு பாத்தாரு. நாங்கூட, இது என்னாத்துக்கு மொதலாளின்னு கேட்டேன். ஒனக்கு ஒண்ணும் அறியாதுடா, வெறகப் போடுன்னாரு."

நீங்கள் வாசலில் நின்றிருந்தீர்கள். நான் கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி கண்ணை விரித்து, ஆட்களெல்லாம் கேட்கும்படி சொன்னீர்கள்:

"ஈரமாக் கெடந்துச்சே ஆத்தா. கெட்டுப்போயிருமேன்னு ஒனக்காகத்தான் காயவச்சேன். இப்ப கொண்டுபோறதுக்கும் லேசு."

அவ்வளவுதான். கதை முடிந்துவிட்டது. மலை இறங்குவதற்குள் அது ஊர்ச் சிரிப்பாகிவிட்டது. கடல் சேற்றை ஏலக்காய் என்று நினைத்துக் காயவைத்த மாமன்! எத்தனை கல்யாணப் பந்தியில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்! அம்மாவும் சிரித்தாள். "பாவம், அவனுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்" என்றாள். நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. மாமன் வேண்டுமென்று செய்தார் என்றால், வளர்த்த கையைக் கடிக்கிறவள் என்று எனக்குத்தான் பேர் வரும். உங்கள் மூளையை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். இந்த மலையில் மட்டும் நம்பக்கூடிய ஒரு தவறைத் தேர்ந்தெடுத்தீர்கள். தெரியாதவனாக நடிக்கத் தெரிந்துகொண்டீர்கள், அதுவும் என்னிடமே கேட்டு.

நான் கடற்கரைக்குத் திரும்பியபோது இந்த ஒரு ஜாடியை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனேன். உங்கள் கண்ணில் படட்டும், உறுத்தட்டும் என்று. நீங்கள் அதில் நார்த்தங்காய் போடச் சொன்னீர்கள்.

அதன் பிறகு நான் எப்படி இருந்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். உதவித்தொகை நின்றது. புழு இல்லாமல் என்ன ஆராய்ச்சி? பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். ஓய்வு நாளெல்லாம் முழங்கால் சேற்றில் கழிமுகம் கழிமுகமாகத் தேடினேன். அதற்குள் எங்கோ வேறு தேசத்தில் வேறு யாரோ, விஷச் சேற்றுப் புழுக்களுக்குள் கந்தகம் சேர்வதை எழுதி அச்சில் போட்டுவிட்டார்கள். நூலகத்தில் நின்று அதைப் படித்தேன். நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியங்கள். அன்றைக்கு உங்களுக்கு விட்ட சாபத்தில் பாதி பலித்திருந்தால்கூட நீங்கள் அப்போதே போயிருப்பீர்கள். கல்யாணம்? நான் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்று நினைக்காதீர்கள், அந்தப் பெருமையை உங்களுக்குத் தரமாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் அலையாத்திக் காட்டுக்குள் ஒரு ஓடையில் எனக்கு வேறொன்று கிடைத்தது. வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு. கறுப்புச் சேற்றின் ஆழத்தில், நாற்றத்தின் நடுவில். பார்க்கிறேன், அதற்கு வாய் இல்லை. குடல் இல்லை. தோலுக்கு அடியில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்களைக் குடிவைத்திருக்கிறது. விஷத்தை எரித்து அவை பிழைக்கின்றன, அவற்றால் இது பிழைக்கிறது. வெள்ளை நிறம் கந்தகத்தால் வந்தது. யாரும் இதற்கு முன் பார்த்திராத இனம். கண்டவள் பெயர் வைக்கலாம் என்பது எங்கள் துறையில் முறை. உங்கள் பெயரை வைத்தேன்.

இங்கே அந்தப் பெயரை எழுதப்போவதில்லை. அது எழுதப்பட வேண்டிய இடத்தில் எழுதப்பட்டுவிட்டது. வாயில்லாத, வயிறில்லாத, அழுகலுக்குள் கிடக்கிற ஒன்றின் தலையில், உலகம் இருக்கிறவரைக்கும்.

யாரையும் இழிவுபடுத்தும் பெயர் வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. நான் விதியை மீறவில்லை. ஏன் இந்தப் பெயர் என்று காரணம் எழுதுகிற இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன். அந்தக் கட்டுரையால்தான் எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. அச்சான பிரதியை அம்மாவுக்கு அனுப்பினேன். அவள் தெருவெல்லாம் காட்டினாள். ஏலக்காய் வியாபாரிகள் கூடி உங்களுக்கும் எனக்கும் பாராட்டு விழா வைத்தார்கள். போடியில் பிறந்த ஒருவரின் பெயர் கடலில் நீந்துகிறதாம்! நீந்தவில்லை, சேற்றில் நெளிகிறது என்று நான் திருத்தவில்லை. மேடையில் உங்கள் கழுத்தில் ஏலக்காய் மாலை போட்டார்கள். அந்த வரியைத் தமிழில் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். ஒலிபெருக்கியை இழுத்து நிதானமாகச் சொன்னேன்.

"இந்த உயிர்களைக் கொல்வது எது என்று முதன்முதலில் என்னிடம் கேட்ட என் தாய்மாமனுக்கு."

கை தட்டினார்கள் மாமா! மண்டபம் அதிரத் தட்டினார்கள். "என்னா அறிவு பாருய்யா, படிக்காத மனுசன்!" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கும்பிட்ட கையைக் கீழே இறக்கவில்லை. மாலையிலிருந்து ஒரு காய் உதிர்ந்து வேட்டியில் விழுந்தது. அதை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

இறங்கும் படியில் என் பக்கமாக வந்தீர்கள். சுற்றி ஆட்கள். சிரித்த முகம் மாறாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னீர்கள்:

"நல்லாக் காயவச்சுட்ட ஆத்தா."

அந்த நிமிஷம் எனக்குக் குளிர்ந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நெஞ்சு ஜில்லென்று குளிர்ந்தது. நீங்கள் செய்தது எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் வேறு யாருக்கும் தெரியவில்லை. உங்கள் தவறு வெகுளித்தனம் என்று நம்பியவர்கள், என் வரியையும் வெகுளியான நன்றி என்று நம்பிவிட்டார்கள். சரிக்குச் சரி.

ஆனால் அதையும் நீங்கள் சும்மா விடவில்லையே! அடுத்த வருஷம் ஊருக்கு வந்தால், ஏலக்கடை, பஸ் ஸ்டாண்டு, டீக்கடை என்று ஒரு இடம் பாக்கியில்லாமல், "எம் பேருல கடல்ல ஒரு உசுரு இருக்கு, எம் மருமக வச்சது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்களாம். வெளியூர் வியாபாரி வந்தால் முதலில் அதுதானாம் பேச்சு. வாயில்லை, குடலில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வீர்களாம், என்னமோ அதுதான் விசேஷம் என்பதுபோல. உங்களைக் கொல்ல நான் கலக்கிய விஷத்தை நீங்கள் முந்தியில் முடிந்து வைத்துக்கொண்டீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'தப்புப் பண்ணிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். கடைசியில் படுக்கையில் கிடந்தபோது நான் வந்தேன். தலைமாட்டில் உட்கார்ந்தேன். அந்த வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் என் கோணல் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புழு சொகமா?" என்று கேட்டீர்கள். அதுதான் உங்கள் கடைசி வார்த்தை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காற்று அறவே ஆகாது என்று அன்றைக்கு நான் நினைத்தது பாதிதான் சரி. இவற்றுக்குக் கீழே விஷமும் வேண்டும், மேலே கொஞ்சம் காற்றும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில்தான் பிழைக்கின்றன. ஆகையால் நான் ஊற்றிய மெழுகே என் பழைய புழுக்களைக் கொன்றிருக்கக்கூடும். இருக்கட்டும். அதை நான் கண்டுபிடித்திருப்பேன். என் கையால் செத்திருந்தால் அது ஆராய்ச்சி. உங்கள் கையால் செத்ததற்குப் பேர் வேறு.

இந்த மடலை ஆரம்பித்தபோது ஜாடியில் நார்த்தங்காய் இருந்தது. எழுதி, வைத்து, மறுபடி எழுதி, நாள் போய்விட்டது. நார்த்தங்காயைத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு தின்று தீர்த்தேன். அத்தையின் கைப்பக்குவம், குறை சொல்ல முடியவில்லை, அதுவும் எரிச்சல்தான். ஜாடியை வெந்நீரில் கழுவி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஓடையிலிருந்து கறுப்புச் சேறு கொண்டுவந்து நிரப்பினேன். மேலே விரல்கடை உயரத்துக்குக் கடல்தண்ணீர். உங்கள் பெயர்கொண்டவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே விட்டேன். இந்தத் தடவை மெழுகு இல்லை. மூடியை லேசாகச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

கல்லூரியில் என் அறை முழுக்க நாறுகிறது. பக்கத்து அறைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். காலையில் வந்ததும் என் முதல் சோலி இதுதான். மக்குவதற்குப் பாசி போதுமா, விஷம் குறையாமல் இருக்கிறதா, மேலேயுள்ள பழுப்பு ஏடு கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வெயில் ஜன்னலுக்கு வந்தால் ஈரச்சாக்கு போர்த்துகிறேன். நான் ஓய்வு பெற்றாலும் யார் பார்த்துக்கொள்ள வேண்டும், எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாணவிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வெளிச்சமில்லாமல், வாயில்லாமல், அந்த நாற்றத்துக்குள் கிடங்கள். சுகமாகவே கிடங்கள். உங்களைச் சாக நான் விடப்போவதில்லை, மாமா.